அம்மா அனுப்பாத வாக்குத்தத்தச் சீட்டு

அரியலூர்,
24-11-1983

என் மூத்த மகளுக்கு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அம்மா எழுதுவது.

உன் கடிதம் இன்று வந்தது. நீ பெரம்பலூர் போன பஸ் தரைப்பாலத்தில் நின்றுபோனதையும், வெள்ளம் படிக்கட்டுவரை ஏறியதையும், கண்டக்டர் மாயவன் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கரையேறியதையும் அப்பா சத்தமாக வாசித்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் அரிசி போட மறந்து நின்றேன்.

நீ வேப்பந்தட்டையில் டீச்சராக இருக்கிற இந்த வருஷம் முழுக்க, மழையில் ஊருக்கு வராதே, ஓடைப் பக்கம் போகாதே என்று அதட்டி எழுதினேனே, அது கோபமில்லை. புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டை உன் பேருக்கு நான்தான் எடுத்தேன். நீ தண்ணீர்களைக் கடக்கும்போது என்று அதில் இருந்தது. உன்னை வெள்ளம் கொண்டுபோய்விடும் என்று பயந்துவிட்டேன். சீட்டு தீர்ந்துபோனது என்று உனக்குப் பொய் எழுதிவிட்டு, அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன்.

இன்று எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்டி, தண்ணியப் பாத்ததும் படிக்கிறத நிறுத்திட்டியா? கூட இருப்பேன்னு கீழயே போட்டிருக்கே!"

பதினோரு மாதமாகப் பாதி வசனத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். மீதிப் பாதி உன்னோடு பஸ்ஸில் வந்திருக்கிறது.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வா. மழை பெய்தாலும் வா.

பொய் எழுதிய உன் அம்மா