போஞ்சிக் கொடிக்குள் பதினேழு குழிகள்

12 மார்ச் 1974, செவ்வாய்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மாரியாயி அக்காவின் மரக்கறித் தோட்டத்தில் ஒரு பாறை இருக்கிறது. போஞ்சிக் கொடிகளை விலக்கி, எந்தக் காலத்து மனிதரோ அதில் குடைந்த சிறு குழிகளை எண்ணினேன். பதினேழு. வரைந்து முடித்ததும் அக்கா கேட்டார்.

"இத கவுருமெண்டுக்கு அனுப்புவீங்களா, மாஸ்டர்?"

"ஆமாங்க. பாறைய பாதுகாக்கணும்ல."

"அப்ப வேலி போட்டுருவாங்க. அரிசி இல்லாத நாள்ல எங்க புள்ளைங்க வயிறு இந்த மண்ணாலதாங்க நெறையுது."

கிளம்பும்போது ஒரு பிடி போஞ்சி தந்தார். மறுக்க முடியவில்லை.

இப்போது தொல்பொருள் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பிவிட்டேன். இடம் என்ற கட்டத்தில், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று குறிக்காமல், 'கொஸ்லந்த' என்று ஊர்ப்பெயரை மட்டும் எழுதினேன். பொய்யில்லை. வருகிறவர்கள் மலை முழுக்கத் தேடட்டும்.