ஆறாம் மாதத்துக் கிரகணம்

விருத்தாசலம்,
3-8-1969

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜாம்பாள் வணங்கி எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. மற்றபடி இங்கே மூவரும் இருக்கிறோம். குஜராத்தில் மழை எப்படி என்று தெரியவில்லை. மணியார்டர் தவறாமல் வருகிறது. கூப்பனில் நீங்கள் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக வருகிறது.

நம் மகள் பாலா பிறந்த சேதிக்கு ஒரு கார்டு போட்டீர்கள். பிறகு அத்தை உங்களுக்குக் கிரகணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான், கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அதற்கு இன்னும் பதில் இல்லை.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேற்கே இருட்டிக்கொண்டு வந்ததால், கொடியில் கிடந்த துணியை எடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். கிழக்கே சந்திரன் கிரகணம் பிடித்தபடியே எழும்பியிருந்தது. பார்த்தேன். யாரிடமும் மறைக்கவில்லை. பாலா மேலுதடு பிளந்து பிறந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கி எதுக்குடி வெளிய போன?" என்பதுதான். இன்றுவரை அதையே கேட்கிறார்கள்.

போன வாரம் ஐந்தாம் வகுப்புக்குக் கிரகணப் பாடம் வந்தது. வேறு டீச்சரை அனுப்பவா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். நானே நடத்துகிறேன் என்றேன். லீமாவைச் சூரியனாக நடுவில் நிறுத்தினேன். சொந்த வெளிச்சம் உள்ளது அது ஒன்றுதான். மாயவன் பூமி, சூரியனைச் சுற்ற ஒரு வருஷம். பூவாயி சந்திரன், பூமியைச் சுற்ற ஏறக்குறைய ஒரு மாதம். பூவாயி சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் வந்தால் அமாவாசை. பூமிக்கு அந்தப் பக்கம் போனால் பௌர்ணமி. அப்போது பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் சந்திர கிரகணம். அப்படியானால் எல்லாப் பௌர்ணமிக்கும் வரவேண்டுமே என்றான் மாயவன். சந்திரனின் பாதை கொஞ்சம் சாய்ந்தது, பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும் என்று சொல்லி, பூவாயியைப் படியில் ஏறியும் இறங்கியும் சுற்றச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு லீமா, "நெழலு நெலா மேலதான வுழுந்துச்சு டீச்சர், பாப்பா மேல எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். "எங்கம்மா வந்துச்சுன்னு சொல்றாங்களே" என்றாள். மணி அடித்துவிட்டது.

நிலாவில் மனிதர் இறங்கிய சேதியைப் பேப்பரில் பார்த்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏறி மிதிச்சவனுக்கு ஒண்ணும் ஆவல, எட்ட நின்னு பாத்தவளுக்கு ஆயிடுச்சு" என்றார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். பிறகு பாலாவை மடியில் நிமிர்த்தி வைத்துப் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவர்கள்தான் புகட்டுகிறார்கள். அதையும் எழுத வேண்டும்.

உங்களோடு பீங்கான் வேலை பார்த்த பாவாடை அண்ணன் உங்களை விசாரித்தார். புதுச் சூளையில் பாதிக் கோப்பைகள் விளிம்பு வெடித்து வந்தனவாம். விரிசல் சூளையைப் பிரிக்கும்போதுதான் கண்ணில் படும், ஆனால் மண் ஈரமாக இருந்தபோதே விழுந்தது, நெருப்பின் மேல் பழி போடாதே என்று நீங்கள் ஒருமுறை எனக்குச் சொன்னீர்கள். பாலாவைப் பார்த்த புதுச்சேரி டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். வயிற்றுப் பிள்ளைக்கு உதடு கூடுவது மூன்றாம் மாதத்துக்குள் முடிந்துவிடுமாம். கிரகணம் வந்தபோது எனக்கு ஆறாம் மாதம்.

அத்தையிடம் இதைப் பல தடவை சொல்லியாயிற்று. இனிச் சொல்லத் தெம்பு இல்லை. கிரகணம்தான் காரணம் என்று நீங்களும் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உதட்டைச் சேர்த்துத் தைக்க டாக்டர் இம்மாதம் இருபத்தைந்தாம் தேதியைக் குறித்திருக்கிறார். "எம் புள்ள சொல்லாம கொழந்த மேல கத்தி வெக்க வுட மாட்டேன்" என்கிறார்கள் அத்தை. கூப்பனில் 'சரி' என்று எழுதினாலே போதும். நான் எதைப் படித்துக் காட்டினாலும் அத்தை நம்புவார்கள். ஆனால் நீங்கள் எழுதாததை நான் படிக்க மாட்டேன்.

மே மாதம் அத்தை அனுப்பச் சொன்ன படத்தில் பாலா பக்கவாட்டில் இருப்பாள். "கொஞ்சம் சாச்சிப் புடிங்கம்மா, தெரியாது" என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார், அப்படியே பிடித்தேன். இப்போது நான் மட்டும் தூக்கிக்கொண்டு போய் நேராக எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

தைத்த பிறகு இந்த முகம் இருக்காது. நல்லதுதான். நீங்கள் வருவதானால் அதற்கு முன்னால் வாருங்கள் மாமா. இந்த முகத்தோடு இருக்கும்போதே அவளை ஒரு தடவை நீங்கள் தூக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ராஜாம்பாள்