மூன்று சொற்களுக்கு ஒரே ஆள்

மார்ச் 3, செவ்வாய்

முதன்மைப் பதிப்பாசிரியர் பதவி எனக்கில்லை. எனக்கு இளையவரான அந்த அம்மையாருக்கு. பத்து மணிக்கு அறிவிப்பு. பத்தரைக்கெல்லாம் தம் மேசையைச் சன்னலோரம் நகர்த்திவிட்டார். வெளிச்சம் வேண்டுமாம்.

மார்ச் 4, புதன்

அவர் எனக்கு அனுப்பிய முதல் வேலை: ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கு ‘ஆரகன்ட்’, ‘ஹாட்டி’, ‘கன்சீட்டட்’ மூன்றையும் வேறுபடுத்த வேண்டும். பழைய பதிப்பு மூன்றுக்கும் ‘கர்வமுள்ள’ என்று எழுதிக் கைகழுவியிருக்கிறது. எங்கள் விதி எளிது: சொல்லுக்கு ஒரு விளக்கம், கண்ணால் கண்டதிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கண்டதற்கா பஞ்சம்?

ஆரகன்ட்: தனக்கு உரியதல்லாததையும் உரிமையாகக் கொள்கிற. ‘பதவியேற்ற அரைமணியில் சன்னலைத் தமதாக்கிக்கொண்டார்.’

ஹாட்டி: பிறரைத் தாழ்வாக எண்ணுவது முகத்திலேயே தெரிகிற. ‘வணக்கம் சொன்னவருக்குப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.’

கன்சீட்டட்: தன் திறமையைத் தானே மிகையாக மெச்சுகிற. ‘தாம் எழுதிய குறிப்பை இருமுறை படித்துப் புன்னகைத்தார்.’

கச்சிதம்.

மார்ச் 5, வியாழன்

வாராந்தரக் கூட்டத்தில் எடுத்துக்காட்டுகளை உரக்கப் படிப்பது வழக்கம். படித்தேன். தட்டச்சர் இருமினார், மற்றவர்கள் தலை நிமிரவில்லை. அம்மையார் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “விளக்கமெல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா உதாரணம் மூணும் ஒரே ஆளப் பாத்து எழுதின மாதிரி இருக்கு. அப்புறம் மூணுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். வேற ஆளுங்களப் பாருங்க.”

கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. சரியா வேற சொல்லித் தொலைக்கிறா — சொல்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

மனைவி: “வீட்டுக்கு வந்தும் அவங்க புராணம்தானா? சம்பளம் குடுத்தா உக்காந்து கேக்குறேன்.”

மார்ச் 8, ஞாயிறு

ஹாட்டிக்கு மாடிவீட்டுப் பல் மருத்துவர் கிடைத்தார். கன்சீட்டட்டுக்கு மைத்துனர் — தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆரகன்ட் மட்டும் வெறுமையாக நின்றது. தனக்கு உரியதல்லாததை... யாரைக் கண்டேன்? மேசையை நகர்த்துவதெல்லாம் ஒரு குற்றமா?

மாலையில் எழுதினேன்: ‘பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பதவி தமக்கே உரியதென்று இருந்தார்.’ கண்ணால் கண்டதா? ஆம். விதிப்படி சரி.

மார்ச் 9, திங்கள்

தாள் திரும்பி வந்தது. ஒரே திருத்தம்: ‘பத்தொன்பது ஆண்டுகளாக’ என்பதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். இந்த அலுவலகத்தில் அத்தனை ஆண்டு இருப்பவன் நான் ஒருவன்தான். அதை எடுத்துவிட்டால் வாக்கியம் யாருக்கும் பொருந்தும். அச்சுக்குப் போயிற்று.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன். அதுதான் பொறுக்கவில்லை.