அண்ணன் பெயரைச் சொன்ன மைனிக்கு

என் பிரியமுள்ள மைனிக்கு,

போன வாரம் துறைமுகத்தில் மணிலா கயிறு வந்து இறங்கியது. யுத்தம் தொட்டு அண்ணன் கடையில் வெறும் தேங்காய்நார்க் கயிறுதான். தோணிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். இப்போது கடை முழுக்கப் புதுக்கயிற்று வாசம். உங்களுக்கு அது பிடிக்குமே, அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

கயிறோடு ஒரு சேதியும் வந்தது. அந்தக் கப்பலில் வேலை பார்க்கிற நம்மூர்க்காரர் ஒருவர், கடையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். "அண்ணாச்சி, மணிலா இருக்குத பிலிப்பைன்ஸ் நாட்டுல ஒரு பொம்பள செனட்டர் ஆயிட்டா. செனட்டுன்னா நாட்டுக்கே சட்டம் போடுத சபை. பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக்குடுத்தவளாம். அவ எந்திரிச்சுப் பேசுனா ஆம்பளையெல்லாம் வாய மூடிக்கிட்டுக் கேக்காவளாம்." கப்பல்காரர் பேச்சில் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் போதாதா?

அண்ணன் கயிற்றுச் சுருளைத் தடவிக்கொண்டே இருந்தார். யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் நாட்டையா கேட்டீர்கள்? நம் வார்டு கவுன்சிலர் நாற்காலியைக் கேட்டீர்கள். அதுவும் ஆற்றுத் தண்ணீர் நம் தெருவுக்குள்ளும் குழாயில் வரவேண்டும் என்பதற்காக.

எனக்கு வந்த சந்தேகம் வேறு. சிரிக்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா மைனி?

நீங்கள் நின்ற அந்தத் தேர்தல் நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வீடு தங்கள் பெயரில் இருந்ததால் ஓட்டுரிமை பெற்ற பெண்கள் நம் வார்டில் நிறையப் பேர். உங்களுக்குத்தான் ஓட்டு என்று சத்தியமே பண்ணியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறமாதிரி உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆள் சரிதானா என்று பார்க்க, மேசையில் இருந்த அதிகாரி "புருஷன் பேரென்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா ஆறு விரலைக் காட்டி, பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். "வாயால சொல்லணும்மா" என்றார் அவர். "அவிய ஆயுசு கொறஞ்சா நீரா பதில் சொல்லுவீரு?" என்று கேட்டுவிட்டு அக்கா இறங்கி வந்துவிட்டாள். அவள் திரும்பியதும் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

நீங்கள் மட்டும் மேசைக்கு முன்னால் போய் நின்றீர்கள். "இசக்கிமுத்து" என்று அண்ணன் பெயரை எல்லார் காதிலும் விழச் சொன்னீர்கள். எங்கம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

தோற்றுப்போனீர்கள். குழாய் வரவில்லை. அடுத்த கோடையில் நாம் குடிக்கிற தெருக்கிணற்றுத் தண்ணீர் பலரையும் காய்ச்சலில் படுக்கவைத்தது. உங்களைக் கொண்டே போய்விட்டது. தெரு என்ன சொன்னது தெரியுமா? புருஷன் பெயரைச் சொன்ன பாவமாம். தண்ணீரைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை மைனி.

இப்போது கொடி மாறியாச்சு. தேர்தல் மறுபடி வருகிறது. நம் வார்டில் இந்தத் தடவை நான் நிற்கிறேன்.

ஆனால் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. "ஒம் மைனிக்கு நடந்தத மறந்துட்டியாளா?" என்று பொன்னுத்தாய் அக்கா கேட்டாள்.

பதில் சொன்னது அண்ணன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற மனிதர், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு என்னோடு வீடு வீடாக வருகிறார். நேற்று அக்கா வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "செல்லக்கனி எம் பேர ஊரறியச் சொன்னா. நான் கல்லுக்குண்டு கணக்கா நிக்கேன், நல்லாப் பாத்துக்கிடுங்க. அவ போனது இந்தத் தண்ணியால."

நீங்கள் இருந்தவரை 'ஏளா' என்றே கூப்பிட்டவர் மைனி. அவர் வாயில் உங்கள் பெயரை நேற்றுத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ஆறு..." என்று ஆரம்பித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மிச்சத்த அன்னைக்கு வந்து சொல்லுதேன்" என்றாள்.

ஜெயிப்பேனா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். பின்னால் நிற்கிற பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி என் புருஷன் பெயரைச் சொல்வேன். குழாய் வரும்வரை நகரசபையை விடமாட்டேன். வந்தால், முதல் குடத்தை உங்கள் படத்துக்கு முன்னால் இறக்கிவைப்பேன். இது சத்தியம்.

எனக்கும் அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. பெயரை எழுதினால் தோஷமில்லை என்பார்கள். அதனால் பழகிக்கொள்வதற்காக, கடைசி வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். உள்ளே இருந்து "என்னளா?" என்று என் வீட்டுக்காரர் குரல் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறார்.

உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்,
கணவர் பெயர் சுடலைமுத்து.