மாமா பெயருக்கு ஓர் அர்ச்சனை

ஜூன் 29, வியாழன்

வெயில் நூறைத் தாண்டிவிட்டது. கார் ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. புல் வெட்ட வேண்டும். வெட்டவில்லை. மனசு சரியில்லை.

நேற்று பாஸ்கெட்பால் டிராஃப்ட். டீம்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து புது ஆட்களைப் பொறுக்கி எடுக்கிற நாள். நம்ம டீமின் ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற அந்தக் கோட்டுப் போட்ட ஜென்மம், ஏழடியில் ஒரு பொடியனை எடுத்திருக்கிறான். ஃப்ரீ த்ரோ போடத் தெரியாது. யாரும் தடுக்காமல், நின்ற இடத்தில் நின்று, நிதானமாகப் போடுகிற பந்து. அதுகூட வராது.

பொடியன் ஆடப்போவது மாமாவின் இடத்தில்.

மாமா என்பது என் மனைவி வசந்தி வைத்த பெயர். முன்வழுக்கை, எந்நேரமும் முறைப்பு, ரெஃப்ரியிடம் ஓயாத வாதம். கல்யாண வீட்டில் காபி ஆறிப்போச்சு என்று சண்டை பிடிக்கும் அவளுடைய பெரிய மாமா மாதிரியே இருக்கிறானாம். நிஜப் பெயர் லெராய். வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அவனும் நானும் ஒரே வருஷம் டெக்சாஸ் வந்தோம். '91. அவனைப் பழைய டீம் வேண்டாமென்று தள்ளிவிட்டது. எனக்கு ஜெர்சி சிட்டியில் பேங்க் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. வசந்தியும் குழந்தையும் வந்து சேரும்வரை இந்தப் பிளானோவில் எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. சாயங்காலம் ஆனால் தயிர் சாதம், ஊறுகாய், டிவியில் மாமா. அவ்வளவுதான் குடும்பம்.

போன வருஷம் வேறு மாநிலத்தில், பே ஏரியாவில், நல்ல வேலை வந்தது. போகவில்லை. வீடு, நித்யாவின் ஸ்கூல் என்று வ.விடம் காரணம் சொன்னேன். இன்னொரு காரணமும் இருந்தது. மாமா இங்கேதான் இருக்கிறான். யாராவது படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தக் கோடையில் ஜி.எம். செய்த திருப்பணிகள்:
– தூரத்திலிருந்து பந்து போடத் தெரிந்த ஒரே ஆளை விட்டது.
– அவனுக்குப் பதில் ஒரு கிழவன். இரண்டு முழங்காலிலும் கட்டு.
– அதே நாள் பேட்டி: "டீமை இளமையாக்குகிறோம்."

உருப்படுவானா?

ஜூலை 4, செவ்வாய்

ரமேஷ் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம். ரமேஷ் எங்கள் ஆபீஸ், எனக்கு அடுத்த சீட். வேலை நேரத்திலும் நெட்டில் பாஸ்கெட்பால் செய்தி மேய்வான். வ. புளியோதரை. யாரோ பாஸ்தாவில் கரம் மசாலா போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பேக்யார்டில் நிழலே இல்லை.

ரமேஷ் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றான். "சூரி சார், சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. மாமாவை வேற டீமுக்கு டிரேட் பண்ணிடுவாங்க போல. நெட்ல போட்டிருக்கான்."

"நெட்ல எவன் வேணா எதை வேணா போடுவான்."

"போனா நல்லதுதான் சார். வயசாயிடுச்சு. அவருக்கும் ஒரு சேஞ்ச்."

சேஞ்சாம். சட்டை மாத்துகிற மாதிரி. எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. "உனக்கு என்னப்பா தெரியும்? மூணு வருஷத்துல நாலு கம்பெனி மாறினவன்தானே நீ. ஒரு எடத்துல இருக்கறதுன்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும்?" இதைக் கத்தித்தான் சொன்னேன். ரமேஷின் பெண்டாட்டி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நித்யாவைப் பார்த்தான். "ஐஸ் எடுத்துட்டு வரேன் சார்" என்று உள்ளே போய்விட்டான்.

சீக்கிரமே கிளம்பிவிட்டோம். டோல்வேயில் ஏறிய பிறகு நி. பின்சீட்டிலிருந்து: "அப்பா, மாமா டஸன்ட் ஈவன் நோ யூ."

தெரியும்டி என்றேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

சுதந்திர தின வாணவேடிக்கைக்குப் போகவில்லை.

ஜூலை 8, சனி

கோவில். போக வேண்டும் என்று சொன்னது நான். வ.வுக்கு ஆச்சரியம். வைகுண்ட ஏகாதசிக்கே என்னைக் கிளப்ப முடியாது.

காலையில் ஜாதக சாஃப்ட்வேரில் உட்கார்ந்தேன். பிறந்த தேதி மாமாவின் பிளேயர் கார்டில் இருக்கிறது. நேரம் இல்லை. அன்றைக்குப் பாதி நாள் பூசம், பாதி நாள் ஆயில்யம். வ. எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயில்யமா இருந்தா மாமியாருக்குத்தான் ஆகாது. ஜி.எம்.முக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு உப்புமா கிளறப் போய்விட்டாள்.

சன்னிதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேரு?"

"லெராய்."

நிமிர்ந்து பார்த்தார். இந்த ஊரில் அவர் எல்லாப் பெயரையும் கேட்டவர். "நட்சத்திரம்?"

"பூசம். இல்லேன்னா ஆயில்யம்."

"ரெண்டையும் சொல்லிடறேன். கோத்திரம்?"

வ. தரையைப் பார்த்தாள். தெரியாது என்றேன்.

"அப்போ காசியப கோத்திரம்னு வெச்சுக்கலாம். என்ன, வேலை விஷயமா?"

"ஆமாம். வேலை விஷயம்தான்."

"கவலைப்படாதீங்கோ. அவர் மனசுல என்ன நெனச்சிண்டிருக்காரோ அது அப்படியே நடக்கணும்னு வேண்டிக்கறேன்."

காஸ்யப கோத்ரோத்பவஸ்ய, லெராய் நாமதேயஸ்ய. கணீரென்று சொன்னார். பின்னால் நின்ற தெலுங்குக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வரும் வழியில் இந்தியன் ஸ்டோர். கறிவேப்பிலை இல்லை. எப்போதுதான் இருந்தது.

ஜூலை 11, செவ்வாய்

லஞ்ச் நேரத்தில் ஸ்போர்ட்ஸ் ரேடியோவுக்குப் போன். ரொம்ப நேரம் ஹோல்டில் போட்டார்கள். மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாண்ட்விச்சோடு காத்திருந்தேன். பேச விட்டதும் சொன்னேன்: ஒன்பது வருஷம் எலும்பு தேய ஆடினவனை அனுப்ப நினைக்கிறவனுக்கு நன்றி என்ற ஒன்று கிடையாது, அந்த ஜி.எம்.மைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வளவு நன்றாக நான் ஆபீஸில்கூடப் பேசியதில்லை.

"சார், நீங்கள் அவனுடைய மாமனாரா?" என்று அறிவிப்பாளன் சிரித்தான். லைன் போய்விட்டது.

கழுதைகள்.

ஜூலை 14, வெள்ளி

டிரேட் பண்ணிவிட்டார்கள்.

பதிலுக்கு இரண்டு பேர். ஒருவன் ஒல்லிப்பிச்சான், காற்றடித்தால் விழுவான். இன்னொருவன் ஊரெல்லாம் சுற்றி, ஒரு டீமிலும் இரண்டு சீசன் முழுசாக இருந்ததில்லை. ஜி.எம். பேப்பரில் பல்லை இளிக்கிறான். அந்தப் படத்தைக் கத்தரித்து... வேண்டாம். நி. அந்தப் பேப்பரில் காமிக்ஸ் படிப்பாள்.

மாமாவின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். வெள்ளிக்கிழமை, கேட்பாரில்லை. ரமேஷ் என் டெஸ்க்கில் ஒரு காபி வைத்துவிட்டுப் போனான். நான் குடிக்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருப்பான்.

மாமாவை நினைத்தால்தான் அழுகை வருகிறது. எந்த விமானத்தில் ஏறினானோ. யாராவது கொண்டுபோய் விட்டார்களோ. இத்தனை வருஷம் உழைத்த இடத்திலிருந்து ஒரு மனிதனை இப்படியா தூக்கி எறிவார்கள்?

வ. சேப்பங்கிழங்கு ரோஸ்ட் செய்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று.

ஜூலை 16, ஞாயிறு

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. காலை பதினோரு மணிக்கு டிவியில் மாமா. புது ஊர், புது டீம், பேட்டி. மூன்று பேரும் சோஃபாவில். நி. என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

மாமா சிரித்துக்கொண்டே வந்தான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு இத்தனை பல் இருப்பது எனக்குத் தெரியாது.

வருத்தமா என்று கேட்டார்கள். "எதுக்கு வருத்தம்? நான்தான் கேட்டேன். ஏப்ரலிலேயே கேட்டுவிட்டேன். ரொம்ப நாளாகவே போகணும் போகணும் என்றிருந்தது. ஜி.எம். நல்ல மனுஷன். நான் ஆசைப்பட்ட ஊருக்கே அனுப்பி வைத்தார்."

அந்த நல்ல மனுஷனை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொன்னதை வாபஸ் வாங்கவும் மனசு வரவில்லை.

நி. மெதுவாக: "ஐ நியூ, அப்பா. அவர்தான் கேட்டார்னு மே மாசமே தெரியும். நெட்ல இருந்தது."

"ஏன் சொல்லல?"

"ரமேஷ் அங்கிள் சொல்ல வேண்டாம்னார். ஹி செட் உனக்குத் தாங்காதுன்னு."

ஆக அன்றைக்கு, அத்தனை பேர் நடுவில், அவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கக் கூடியவன், ஐஸ் எடுக்கப் போயிருக்கிறான். அவனுக்குப் போன் பண்ண வேண்டும். என்ன சொல்லிப் பண்ணுவது?

வ. டிவியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அர்ச்சனை யார் பேருக்குப் பண்ணினேள்?"

"மாமா பேருக்கு."

"அப்போ அவர் நெனச்சதுதானே நடக்கும்? டீம் பேருக்குன்னா பண்ணியிருக்கணும்." சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒன்பது வருஷம் அவனைப் பார்த்தேன். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என்னைப் போலவே இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

பேட்டி முடிகிற நேரம். யாரோ ஒரு பெண் கடைசியாகக் கேட்டாள்: டெக்சாஸில் எதையாவது மிஸ் பண்ணுவீர்களா?

மாமா யோசித்தான். மேலே பார்த்தான், வழுக்கையைத் தடவினான். நான் டிவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஏதாவது சொல்வான். ஜனங்களைச் சொல்வான். ஸ்டேடியத்தில் மேல்வரிசையில் கத்துகிறவர்களையாவது சொல்வான்.

"பார்பிக்யூ" என்றான். "அந்த மாட்டுக்கறி வேறெங்கும் கிடைக்காது."

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை.