எலும்பில் பூந்த செல்லு

பெருநகர்,
வெள்ளிக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் கணவர் கார்த்திக் அவர்களுக்கு, இளமதி எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். மனைவி படுக்கையில் கிடக்கும்போதே புதுப் பெண் பார்க்கச் சொன்னவருக்கு என்ன குறை? போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். கம்பெனி விலாசத்துக்கு வரும் தபாலை என்ன செய்வீர்கள், பார்க்கிறேன்.

என் இடது முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய் என்பது நிஜம்தான். ஆனால் சதைப் பரிசோதனை முடிவு கேட்க உங்கள் அண்ணன் வரதன் எங்களோடு சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அங்கே நடந்ததை அவர் உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். சுகிர்தா டாக்டர் படத்தைக் காட்டி, "கட்டிக்குள்ள செல் நிறைய பூந்திருக்கு" என்றார். அவ்வளவுதான், போன் வந்தது என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். மீதியை நானும் அம்மாவும்தான் கேட்டோம். அது நோயோடு சண்டை போடுகிற செல்லாம், நம் ரத்தத்திலேயே இருப்பதாம். கட்டிக்குள் அது கூட்டமாகப் புகுந்தவர்கள் பெரும்பாலும் தேறி வருகிறார்களாம். அதை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் நல்ல அறிகுறி என்றார்.

உங்கள் அண்ணனுக்குச் செல் என்றால் நிலைப்படியை அரிக்கிற கறையான்தான். ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து, "அது எலும்புல செல்லு பூந்துகினு கீது, உள்ளயே அரிச்சிக்கினு போவுது, இன்னா பண்ணாலும் தேறாது" என்று சொன்னாராம். உங்கள் அம்மா அவருக்கும் மேலே. நான் படுத்த மரக்கட்டிலை வாசலில் போட்டு, என் கண்ணெதிரிலேயே மண்ணெண்ணெய் ஊற்றினார். "உங்கம்மா வூட்டுக்குப் போயிடு தாயே, எங்க வூட்ல மரச் சாமான் ஜாஸ்தி" என்றார். போனில் உங்களிடம் அழுதேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக உங்களைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது, வாய் வெந்து போனது. கட்டி சுருங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போயிருந்தேன். ஆமாம், நீங்கள் பெண் கேட்ட அதே வீட்டுக்குத்தான். மொட்டைத் தலை, கக்கத்தில் ஊன்றுகோல், கழுத்தில் நீங்கள் கட்டிய தாலி. பஸ்ஸில் அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூத்த தாரம் செத்துப்போச்சு என்று உங்கள் அண்ணன் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்! "செத்தவதான் வந்துகீறேன், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். அந்தப் பெண் திவ்யாவே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்பா என் எதிரிலேயே உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்விகளை எழுதக் கை கூசுகிறது. காதுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா? உங்கள் கல்யாணம் நின்றது என்னால்தான். நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

விவாகரத்துக்குக் கையெழுத்து கேட்டு இனி யாரையும் அனுப்பாதீர்கள். படுத்துக்கொண்டு போட மாட்டேன். இன்னும் மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை ஆபரேஷன். கெட்ட எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகத்தில் ஒன்று வைப்பார்களாம். காலையே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படியானாலும் கோர்ட்டுக்கு நானே வருவேன். எதிரில் நின்று என் முகத்தைப் பாருங்கள், அப்புறம் போடுகிறேன்.

ஆபரேஷனுக்கு வராதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அப்போதும் வராதீர்கள்.

உங்களுக்கு இப்படி ஒரு நோவு வரக்கூடாது என்று தினமும் சாமியைக் கேட்டுக்கொள்கிறேன். வந்தால் பக்கத்தில் உட்கார நான் இருக்க மாட்டேன்.

இன்றைக்கும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
இளமதி