லைன் திறந்ததும் சொல்லலாம்

சிலிபின், ஈப்போ

அன்புத் தம்பி யுகேந்திரனுக்கு,

அக்கா புனிதா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டுப் போனை எடு. போனில் சொன்னால் அடுத்த நிமிடமே அப்பாவைக் கூப்பிட்டு அழுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கோலாலம்பூர் வரும் ராஜு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே சாயங்காலம் ஆனால் மழை. அடுப்படிக் கூரை ஒழுகுகிறது. ஆளில்லாத எல்ஆர்டி ரயில் உங்கள் புது லைனில் போய்வருகிற வீடியோ அனுப்பினாயே, அதை அப்பா ஓயாமல் பார்க்கிறார். ஓட்டுநரே இல்லாத வண்டியை என் மகன்தான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஓட விடுகிறான் என்று காப்பிக் கடையில் சொல்லிச் சொல்லி, அங்கே அவருக்கு எல்ஆர்டி சதாசிவம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். செமோர் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவருக்கு அதில் அத்தனை பெருமை. இப்போது அவர் காப்பிக் கடைக்குப் போவதில்லை.

தம்பி, அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். நோன்புப் பெருநாளுக்கு முன்பே தெரியும். டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றே உன்னைக் கூப்பிடப் போனேன். அப்பா தடுத்தார்.

"இப்ப சொல்லாதே லா. பிள்ளை பெரிய வேலையில இருக்கான். லைன் திறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

நல்ல காரியம் முடியும்வரை கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம்தானே. அம்மா இருந்தபோது, அவள் ஆப்பரேஷனைக்கூட உன் பரீட்சை முடியும்வரை மறைத்தோம். கொஞ்ச நாள்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

உங்கள் லைனோ திறந்தபாடில்லை. முதலில் சிக்னல் கோளாறு என்றாய். பிறகு, ஒரு கதவு சரியாக மூடவில்லை, சோதனை ஓட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள் என்றாய். பழைய லைனில் ரயில் நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், லீவே இல்லை என்றாய். நீ தேதி தள்ளிப்போனதைச் சொல்லும் போதெல்லாம், அவசரப்படாதே, ஜனங்கள் ஏறுகிற வண்டி, பார்த்துச் செய் என்பார் அப்பா. போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு ஆத்திரம் வரும். உன் மேல் கோபமில்லை, அந்த ரயில் மேல்தான்.

இப்போது கஞ்சியும் இறங்குவதில்லை. உன் லைனில் முதல் நாளே ஏற வேண்டும் என்று தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை, நேற்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். இனி என்னால் மறைக்க முடியாது.

உன் இடத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டு உடனே புறப்படு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வாசலில் நின்று அழாதே. அப்பா கேட்டால், லைன் திறந்துவிட்டது என்று சொல். முதல் ரயிலில் நிற்க இடமில்லை என்று சொல். அப்போதுதான், இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததை அவரே வாய் திறந்து சொல்வார்.

அதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும், தம்பி.

வாசலைப் பார்த்தபடி,
அக்கா புனிதா